கட்டிலடி ஸ்மாரோ

பெயர்நாள், அதாவது நம் பெயர் கொண்ட புனிதரின் திருநாள், வந்துவிட்டால் எங்கள் கிரேக்கத் துறைமுக ஊரான பிரேயுஸில் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. கதவைத் திறந்து வைத்தால் போதும், ஊரே வந்து இறங்கும். அதிலும் என் மனைவி எவாந்தியா நாடறிந்த சிறுவர் கதை எழுத்தாளர். அன்று அவளுடைய பெயர்நாள், கேட்க வேண்டுமா? காலையிலிருந்து கூடம் முழுக்கப் பிள்ளைகள், அவர்களுடைய தாய்மார்கள், சோபா முழுக்கப் பக்லவா இனிப்பின் பாகு. முப்பது வருஷம் கப்பலின் இயந்திர அறையில் நின்றவன் நான். அந்தச் சத்தமே தேவலை.

இந்த வழக்கத்தை நம்பித்தான் எங்கள் மகள் ஸ்மாரோவும் லாரிசாவிலிருந்து வந்திருந்தாள். பெயர்நாளில் சண்டை போட்டவர்கள்கூடச் சமாதானம் பேசாமலே உள்ளே வரலாம். நான்கு வருஷமாக அவள் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. எல்லாம் அம்மாவின் புகழ்பெற்ற அந்தப் புத்தகத்தால். அப்பாவின் கப்பல் கிளம்பும்போதெல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து அழும் சிறுமியின் கதை. அவள் பெயரும் ஸ்மாரோ! பெயரையாவது மாற்றித் தொலைத்திருக்கக் கூடாதா? பள்ளிக்கூடத்தில் ‘கட்டிலடி ஸ்மாரோ’ என்றே கூப்பிட்டார்கள். கடலே இல்லாத லாரிசாவுக்குக் கல்யாணமாகிப் போனபோதும், “பாத்தீங்களா, ஓடிட்டா” என்று சிரித்தார்கள்.

“இன்னிக்கு ஒரு நாள் அந்தப் புத்தகத்தை எடுக்காத. இப்ப மனசு கசந்து போனான்னா, அப்புறம் வரவே மாட்டா” என்று விடிந்ததுமே கெஞ்சினேன்.

“நானா எடுக்கறேன்? பிள்ளைங்கல்ல கேக்குதுங்க” என்றாள். பேசி ஜெயிக்க முடியுமா இவளிடம்!

சொன்னபடியே ஆயிற்று. முன்பல் விழுந்த ஒரு குட்டி, ஸ்மாரோவின் முன்னால் போய் நின்றது.

“அக்கா, நீங்கதான் அந்த ஸ்மாரோவா? இன்னும் கட்டிலுக்கு அடியிலதான் படுக்கறீங்களா?”

எல்லாரும் சிரித்தார்கள். எவாந்தியாவும் சிரித்தாள். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஸ்மாரோ சிரிக்கவில்லை. “நான் ஒளியலடி கண்ணு. ஒளிஞ்சது எங்கம்மா. அப்பா கப்பல் கிளம்பினதும் கட்டிலுக்கு அடியில போய்ப் படுத்துக்குவாங்க. நான் பக்கத்துல தரையில உக்காந்து கையப் பிடிச்சுக்குவேன். அப்ப எனக்கு ஆறு வயசு.”

துறைமுகத்தில் கையசைத்து, “போயிட்டு வா, இங்க எல்லாம் நான் பாத்துக்கறேன்” என்பாளே, அவளா இவள்? நானும் மடையன் மாதிரி நம்பிக் கப்பலேறினேன். ஊருக்கெல்லாம் கதை சொல்பவளுக்குக் கட்டின புருஷனிடம் இதைச் சொல்ல வாயில்லை. கோபம் வந்தது, கூடவே கண்ணும் நிறைந்துவிட்டது.

“பாட்டி, நிஜமாவா?” என்றது அந்தக் குட்டி.

பள்ளி பள்ளியாகப் போய், எந்தப் பிள்ளையின் கேள்விக்கும் பட்டென்று பதில் சொல்பவள், மடியில் இனிப்புத் தட்டோடு தலை குனிந்தாள்.

“ஆமா. எனக்குத்தான் பயம். என் பேரைப் போட வெக்கமா இருந்துச்சு. அதான் அவ பேரைப் போட்டேன்.”

“இதச் சொல்ல இத்தன வருஷமாம்மா?” என்றாள் ஸ்மாரோ.

பதில் வருவதற்குள் வாசலில் அடுத்த கூட்டம், கையில் கேக் பெட்டிகளுடன். “எவாந்தியா, பல்லாண்டு வாழ்க!” இவர்களுக்கு வர வேறு நேரமே கிடைக்கவில்லையா? எவாந்தியா எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை.

நான் எழுவதற்குள் ஸ்மாரோ அவள் மடியிலிருந்த தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

“உள்ள வாங்க, எடுத்துக்கங்க” என்று வந்தவர்களிடம் நீட்டினாள். “அம்மா கொஞ்சம் உக்காந்திருக்கட்டும்.”