கயிற்றில் கட்டிய கிளை

நெல்வெளி வங்கியின் முப்பதாண்டு வரலாறு அச்சுக்குப் போக இன்னும் நான்கே நாள். யாங்கோன் தலைமை அலுவலகத்தில் கடிதப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் கனகாம்பாளிடம் பிழை திருத்தக் கொடுத்திருந்தார்கள். நாற்பத்தோராம் பக்கத்தில் ஓர் அடி: "சமவெளியில் மேலும் ஐந்து கிளைகள் திறக்கத் திட்டமிடப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டன." கீழே ஐந்து ஊர்ப் பெயர்கள்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தை அந்த ஐந்து ஊர்களில்தான் கழித்திருந்தாள். கிளை ஐந்தல்ல, ஒன்று. அதுவும் ஒரு படகு.

புத்தகத்தைத் தொகுத்த நெல்சனிடம் போய்ச் சொன்னாள்.

"ஹௌக்லா, அக்கா?" என்றான் பர்மியத்தில். நிஜமாகவா என்று பொருள். தமிழ் அவனுக்கு வீட்டோடு சரி; மற்றதையும் பர்மியத்திலேயே சொன்னான். "வாடகைப் பத்திரம் இல்ல, போட்டோ இல்ல, போர்டு இல்ல. ஃபைலைப் பாருங்க. ஊருக்கு ஒரு ஃபைல், வாரத்துக்கு ஒரு கடுதாசி. வாரத்துல ஒரு நாள் தெறக்குற பேங்க்கு எங்கயாச்சும் உண்டா? ஆரம்பிச்சுப் பாத்துட்டு விட்டிருக்காங்க."

"நான் அதுல வேலை பாத்தவப்பா."

"நீங்க சொன்னா நான் நம்புவேன். புக்கு நம்பணுமே."

அன்று முழுக்க அவளுக்கு எதுவும் ஓடவில்லை. படகில் கூட இருந்த மேனேஜர் சபாபதி போய்ச் சேர்ந்து பத்து வருடம் ஆகிறது. கண்ணை மூடினால் எல்லாம் வந்தது. வயல் இருந்த இடமெல்லாம் தண்ணீர், தண்ணீருக்குள் வானம், மேகத்தின் மேல் ஓசையில்லாமல் நகரும் படகு. தென்னை மரத்தில் கயிற்றைக் கட்டி மணியடித்தால், எங்கிருந்து என்று தெரியாமல் சிறுசிறு ஓடங்கள் வந்து சேரும். முழங்கால் வரை சேற்றோடு ஒரு பெண் மேசைக்கு முன் உட்கார்ந்து கைநாட்டு வைப்பாள். மேசைக்கடியில் மீன் துள்ளும் சத்தம் கேட்கும். இதையெல்லாம் யாரிடம் சொன்னாலும் கனவு கண்டாயா என்றுதான் கேட்பார்கள். சாயங்காலத்துக்குள் அவளே தன்னை அப்படிக் கேட்டுக்கொண்டாள்.

மறுநாள் விடுப்பு சொல்லிவிட்டு, ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் டாலாவுக்குப் படகேறினாள். அன்று வங்கிப் படகை ஓட்டிய ஷம்சுதீன் அங்கேதான் இருந்தார். துறையில் இறங்கி, சைக்கா என்னும் மிதிவண்டி ரிக்‌ஷாக்காரனிடம் பேரைச் சொன்னதும் வாசலிலேயே கொண்டுபோய் விட்டான். கிழவர் ஒரு கண்ணில் பூவிழுந்து, வலைக்கு மணி கோத்துக்கொண்டிருந்தார்.

"யாரு? பேங்க்கம்மாவா? ஏறுன மொத நாளே வாந்தியெடுத்து லெட்ஜரை நனைச்சவதானே?"

"அதை மட்டும் மறக்காதீங்க, பாய்."

"எனக்கு வேறென்ன ஞாபகம் இருக்கு, சொல்லு."

அவள் விஷயத்தைச் சொன்னாள். படம் ஏதாவது இருக்குமா என்று கேட்டாள். கிழவர் சிரித்தார்.

"மழையில எவன் போட்டோ புடிச்சான்? ஆமா, அஞ்சு ஊருன்னு அவங்களுக்கு யாரு சொன்னா?"

"கடிதத்துல இருக்காம்."

"கடுதாசி எழுதுனது யாரு? நீதானே. என்னைக் கயிறு கட்டக்கூட விடமாட்டியே. 'பாய், இது எந்த ஊரு, எந்த ஊரு'ன்னு உசிர வாங்குவ. எந்த ஊரா இருந்தா என்ன தாயி, எல்லாம் நம்ம படகுதானேன்னு நான் அப்பவே சொன்னேன்."

கனகாம்பாள் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தாள்.

தன்லியின் என்ற ஊரின் பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதக் கற்றுக்கொண்டவள் அவள். எங்கே உட்கார்ந்து எழுதுகிறாயோ அந்த ஊரை வலது மூலையில் போடு, அதன் கீழே தேதி போடு என்பது பாடம். அவள் ஒரு நாளும் தவறியதில்லை. திங்கள் ஓன்பின்சு, செவ்வாய் கன்ஜி, புதன் லேதன்சு. தலைமை அலுவலகத்தில் மூலையைப் பார்த்து ஊர்வாரியாகக் கோப்பில் போட்டிருக்கிறார்கள். அவர்கள் மேலும் குற்றமில்லை. படகை ஐந்தாகப் பிளந்து ஒன்றுமில்லாமல் ஆக்கியது அவளுடைய சொந்தக் கையெழுத்து.

திரும்பும் படகில் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தாள். சிரிப்பு வந்தது.

மறுநாள் பதிவறையில் ஐந்து கோப்புகளின் நாடாக்களையும் அவிழ்த்து, கடிதங்களைத் தேதிப்படி ஒரே அடுக்காக அடுக்கினாள். வங்கியில் அன்று ஒரு வழக்கம் இருந்தது. நெல்லை நம்பிய வங்கி என்பதால், எந்தக் கிளையிலிருந்து எழுதினாலும் முதல் வரி தண்ணீரைப் பற்றித்தான். கணக்கெல்லாம் அப்புறம். அவள் நின்றபடியே முதல் வரிகளை மட்டும் படித்தாள்.

வரப்பு தெரிகிறது. வரப்பு மூழ்கியது. நாற்றின் நுனி மட்டும் வெளியே. காற்று மேற்கே. நுனியும் காணோம். இன்று கரை எது என்று தெரியவில்லை, மணியடித்துக் காத்திருக்கிறோம். ஓர் அங்குலம் இறங்கியது. நாற்று பிழைத்தது.

தனித்தனியாகக் கிடந்தவரை அவை ஐந்து ஊரின் ஈரம். இப்போது பதிவறைத் தரையில் தண்ணீர் ஏறி, அலமாரிகளுக்கு நடுவே படகு மெல்லத் திரும்புவது போலிருந்தது அவளுக்கு.

அடுக்கை அப்படியே தூக்கிக்கொண்டு போய் நெல்சன் மேசையில் வைத்தாள். அவன் பத்துப் பதினைந்து தாள் புரட்டினான். புரட்டுவது மெதுவாகிக்கொண்டே வந்தது.

"ஒரே கையெழுத்து," என்றான். "ஒரு நாள் விடல. சனி ஞாயிறு மட்டும் இல்ல."

"சனி ஞாயிறு பேங்க்கு லீவுப்பா."

அவன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தான். "சரிக்கா, தனிப் பக்கம் தர்றேன். போட்டோ கட்டத்துக்கு என்ன பண்றது?"

"அங்க இந்த முதல் வரிகளைப் போடு."

"இடம்னு ஒரு கட்டம் இருக்கே? எல்லாக் கிளைக்கும் ஒரு ஊர்தான் போட்டிருக்கேன். எது போட?"

கனகாம்பாள் பேனாவைத் திறந்தாள். கை வழக்கம்போல ஓர் ஊரைத் தேடிச் சற்று நின்றது. பிறகு எழுதினாள்: "படகு. ஓட்டியவர் ஷம்சுதீன், டாலா."