புல்வெட்டி வண்டிக்குள் ஒரு தகடு

டமால் என்று வெடித்த சத்தத்தில், மேலாளர் வீரராகவன் கையிலிருந்த காபி அவருடைய வெள்ளைச் சட்டையில் இறங்கியது. முன்வாசல் புல்வெளியில் புல்வெட்டி வண்டி ஒரு வாய்ப் புகையைத் துப்பிவிட்டு நின்றது. காலையிலிருந்து இது ஐந்தாவது முறை. முடிவெட்டுகிறவர் பாதியில் டீ குடிக்கப் போய்விட்ட தலை மாதிரிக் கிடந்தது புல்வெளி.

“நான் ஒண்ணும் பண்ல சார். குந்திக்கினுதான் கீறேன். குலுங்கினா தானா நின்னு போவுது,” என்றாள் சீட்டிலிருந்த சின்னப்பொண்ணு. தோட்ட வேலைக்கு எளாவூரிலிருந்து வருகிறவள்.

நாலு பேர் அரிவாளோடு இறங்கினால் அரை நாளில் முடிகிற புல்லுக்கு, கார் மாதிரி உட்கார்ந்து ஓட்டும் வண்டி வாங்கிய மேலாளர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலேயே வீரராகவன் ஒருவர்தான். இன்று பதினோரு மணிக்குப் பாதுகாப்பு விருதுக்கான நடுவர் வருகிறார். விருதுக்கும் புல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கக் கூடாது. வாசலில் புல் வழவழவென்று இருந்தால், உள்ளே இரும்பை அமுக்கி வளைக்கும் பிரஸ் ஷாப்பில் யாருக்கும் விரல் போகவில்லை என்று நடுவர் நம்பிவிடுவாராம்.

விரல் போயிருந்தது. ஆயுத பூஜை முடிந்த நாலாம் நாள், மூன்றாம் நம்பர் பிரஸ்ஸில், சடையப்பனுக்கு இடது கையில் இரண்டு விரல்கள். இரண்டு கையாலும் இரண்டு பட்டனை ஒன்றாக அமுக்கினால்தான் அந்த பிரஸ் இறங்க வேண்டும். அன்று ஒரே பட்டனுக்கு இறங்கிவிட்டது. விசாரணைக் குழு ஏசி அறையில் கூடி, முந்திரி பக்கோடா சாப்பிட்டு, ஒயரைத் தொடுகிறவன் எலெக்ட்ரீஷியன்தானே என்று கண்டுபிடித்தது. பட்டன் பெட்டியை யாரும் திறந்து பார்க்கவில்லை. அரக்கு சீல் வைத்து மூடிவிட்டு எலெக்ட்ரீஷியன் யேசுதாஸுக்கு மெமோ கொடுத்தார்கள்: ‘பாதுகாப்பு சுவிட்சை பைபாஸ் செய்தார்.’ சுவிட்ச் இருந்தும் இல்லாத மாதிரி ஒயரை மாற்றிக் கட்டினார் என்று அர்த்தம். பதினாலு வருஷ வேலை இருக்குமா போகுமா என்பது நாளைக் காலை அதே அறையில் தெரியும்.

அந்த யேசுதாஸைத்தான் இப்போது புல்வெளிக்குக் கூப்பிட்டிருந்தார்கள்.

“டைம் இல்ல யேசுதாஸ்,” என்றார் வீரராகவன், சட்டையைத் துடைத்தபடி. “ஏதோ சீட்டு சுவிட்சாம். அதை பைபாஸ் பண்ணி விட்டுடு.”

யேசுதாஸ் அவரைப் பார்த்தான். அவர் தலைக்கு மேலே, ‘பாதுகாப்பே நம் முதல் கடமை’ என்று ஆளுயரப் பலகை.

“அதைப் பண்ணேன்னு சொல்லித்தானே சார் மெமோ குடுத்தீங்க?”

“அது பிரஸ். இது புல்லு.”

“எழுதிக் குடுங்க சார், கையெழுத்து போட்டு. பண்றேன்.”

வீரராகவன் குரலைத் தாழ்த்தினார். “நாளைக்கு அந்த ரூம்ல நானும் இருப்பேன். வண்டி ஓடிச்சின்னா உனக்காக ஒரு வார்த்தை சொல்லலாம். ஓடலைன்னா நான் என்னத்தச் சொல்ல?”

“இந்தா யேசு,” என்று குறுக்கே வந்தாள் சின்னப்பொண்ணு. “அதைப் புடுங்கி உட்டேன்னு வை, நான் தடுமாறி கீழ வுழுந்தாக்கூட பிளேடு சுத்திக்கினே இருக்கும். இருக்கற பத்து விரலே எனக்கு ஊட்டு வேலைக்குப் பத்தல. சாருக்கு வேணும்னா அவர் வந்து குந்தி ஓட்டட்டும்.”

“எறங்குக்கா, பாக்கலாம்.”

சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வேலையை ஆரம்பித்தான். பேட்டரி சரி. பிரேக்கை மிதிக்காவிட்டால் வண்டி கிளம்பாது. அந்த சுவிட்ச் மீட்டரில் ஒழுங்காகப் பேசியது. பிளேடு ஓடும் நிலையில் இருந்தாலும் கிளம்பாது. அந்த சுவிட்சும் சரி. மிச்சம் இருப்பது சீட்டு. ஓட்டுகிறவர் எழுந்தால், அடியில் இருக்கும் இரண்டு முனைகள் ஒன்றையொன்று தொட்டு எஞ்சினை நிறுத்திவிடும். குலுங்கும்போது மட்டும் நிற்கிறது என்றால், ஆள் உட்கார்ந்திருக்கும்போதே எதுவோ அந்த முனைகளைத் தொடுகிறது. சீட்டைத் தூக்கினான்.

உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு. கட்டம் கட்டமாகக் கோடு, உள்ளே எழுத்து, மேலே மஞ்சள் குங்குமம். கட்டியிருந்த சிவப்பு நூல் அறுந்து, தகடு சுவிட்சின் மேல் சரிந்திருந்தது.

“செருப்புக் காலோட தொடாதய்யா,” என்று பதறினார் வீரராகவன். “திருநின்றவூர் ஜோசியர் நாப்பத்தெட்டு நாள் பூஜையில வச்சுக் குடுத்தது. மெஷினுக்குக் கண்ணு படாம இருக்க.”

“செம்பு சார். ரெண்டு முனை மேலயும் படுத்துக்கினு சேத்து வுட்டுடுது. ஆளு எழுந்துடுச்சின்னு நெனச்சு வண்டி நிக்குது.”

“மந்திரிச்ச தகட்டுல எப்படிய்யா கரண்ட் பாயும்?”

“கரண்டுக்கு பக்தி கெடையாது சார்.”

சின்னப்பொண்ணு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். யேசுதாஸ் தகட்டை எடுத்துவிட்டு, முனைகளைத் துடைத்து, சீட்டை இறக்கி, சாவியைக் கொடுத்தான். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பி மேட்டில் ஏறியது, பள்ளத்தில் இறங்கியது, நிற்கவே இல்லை. வெறும் தகடு ஒன்று ஒரு சுவிட்சை இந்தப் பாடு படுத்துமா என்று யேசுதாஸ் அதைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று அவன் கை நின்றது.

பதினோரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது நடுவர் கல்பனாவின் கார் உள்ளே வந்தது. இறங்கியதும் அவர் கண்ணில் பட்டது புல் அல்ல, யேசுதாஸ் கையிலிருந்த தகடு.

“என்னது இது?”

காபிக் கறையைக் கோப்பால் மறைத்துக்கொண்டு வீரராகவன் முந்தினார். “அப்ளிகேஷன்ல எழுதியிருந்தேனே மேடம், கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுன்னு. அதுதான். என் சொந்த யோசனை.”

கல்பனா நோட்டைத் திறந்தார். யேசுதாஸ் ரொம்ப மரியாதையாகக் கேட்டான்: “வேற எங்கெல்லாம் வச்சிருக்கீங்க சார்? சொல்லுங்க, மேடம் எழுதிக்கட்டும்.”

வீரராகவனுக்கு முகமெல்லாம் மலர்ந்தது.

“மொத்தமே ரெண்டுதான் மேடம். இன்னொண்ணை ஆயுத பூஜை அன்னிக்கு மூணாம் நம்பர் பிரஸ்ஸோட பட்டன் பெட்டிக்குள்ள, என் கையாலேயே வச்சு மூடினேன்.”