மந்திரமாய்ப் படித்த பாடம்

செபப்புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டால் லூர்து மேரிக்கு ஈடு அந்த ஊரில் யாருமில்லை. செபமாலை, பிரார்த்தனை, சாவு வீட்டு மந்திரங்கள் எல்லாம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. புரட்ட வேண்டிய இடத்தில் பக்கத்தையும் புரட்டுவாள். ஆனால் அவளுக்கு எழுத்து தெரியாது. பெற்றவள் வாயால் சொல்லிச் சொல்லி மனசில் ஏற்றியதுதான் அத்தனையும். பார்த்தவர்கள் தாமாக நம்பினார்கள், அவள் மறுக்கவில்லை. "படிச்ச பொண்ணு" என்று பெருமையடித்துக் கட்டிக்கொண்ட சின்னப்பராஜுக்கே இது தெரியாது என்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன!

மகள் தெரசாவால் வந்தது வினை. டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்தும் போர்டிங்கில் அந்த வருஷம் இந்த ஊருக்கு ஒரே ஓர் இடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் சிஸ்டர் வந்து பிள்ளையைப் படிக்கச் சொல்லிப் பார்ப்பாராம்.

"நீதான் படிச்சவளாச்சே, நீயே சொல்லிக்குடு," என்றான் சின்னப்பராஜ். "எடம் கெடைச்சா போவட்டும். இல்லைன்னா பள்ளிக்கூடம் போதும், ஆடு மேய்க்க வூட்டுல ஆளில்ல."

ஒரு பேச்சை இரண்டாம் தரம் பேசுகிறவன் இல்லை அவன். லூர்து மேரி, தெரசாவின் புத்தகத்தில் உள்ள பாடத்தைப் பக்கத்து வீட்டுப் பெண் படிப்பதைச் சுவரோரம் நின்று கேட்டாள். ஒருமுறை காதில் விழுந்தால் அவளுக்குப் போதும். பொழுது சாய்ந்து செபமாலை முடிந்ததும் மகளை எதிரில் உட்கார்த்தி, தனக்குத் தெரிந்த ஒரே வழியில் தொடங்கினாள். அவள் ஒரு வரி சொல்வாள், தெரசா திருப்பிச் சொல்வாள்.

முதலில் தெரசா விரலை வைத்து எழுத்துக்கூட்டப் பார்த்தாள். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது. "செபத்துல திக்கினா நல்லாவாடி இருக்கும்? கடகடன்னு சொல்லு!" அதோடு பெண் விரலை எடுத்துவிட்டாள். வாரக் கடைசியில் பாடம் முழுவதும் அருவியாகக் கொட்டியது.

சனிக்கிழமை மாவாட்டிக்கொண்டே தெரசா மொத்தப் பாடத்தையும் ஒப்பித்தாள். புத்தகம் அலமாரியில் இருந்தது. அப்போதுதான் லூர்து மேரிக்குச் சுரீரென்றது. வேறு எதையாவது நீட்டிப் படி என்றால்? மகளைச் சோதித்துப் பார்க்கவும் அவளுக்கு வழியில்லை. சரியா தப்பா என்று யார் சொல்வது?

மறுநாள் கோயில் வாசலில் ஊரே நின்றது. தெரசா தன் புத்தகத்தைத் திறந்து ஒரு சொல் பிசகாமல் படித்தாள். சின்னப்பராஜ் மீசையைத் தடவிக்கொண்டான். சிஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. பையிலிருந்து ஒரு சிறு பத்திரிகையை எடுத்து நீட்டினார்.

"இதைப் படிம்மா."

தெரசாவின் உதடு ஒட்டிக்கொண்டது. கண் அம்மாவிடம் ஓடியது.

"வாயத் தொறயேன்!" சின்னப்பராஜ் கையை ஓங்கினான். "எட்டு நாளா உங்கம்மா கத்துனது வீணா? நாளைக்கே ஆட்டோட போ!"

லூர்து மேரி குறுக்கே வந்து நின்றாள். மானம் போனால் போகட்டும் என்று வந்துவிட்டது அவளுக்கு.

"அவள அடிக்காதீங்க. எனக்கு எழுத்து தெரியாதுங்க சிஸ்டர். மந்திரம் மாதிரி சொல்லிக்குடுத்துட்டேன். தப்பு எம்மேல."

கூட்டத்திலிருந்த ஒருத்திக்குப் பொறுக்கவில்லை. "அப்ப புஸ்தகத்தப் பாத்து செபம் சொல்றியே?"

"பாக்கறதுதான் அக்கா. படிக்கறது இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சின்னப்பராஜ் கையை இறக்கி, மனைவியை முன்பின் அறியாதவளைப்போலப் பார்த்தான். அவளுக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அந்தச் சந்தடியில் ஒரு சின்னக் குரல் கேட்டது. தெரசா பத்திரிகையில் விரலை ஊன்றியிருந்தாள்.

"ம... ழை. மழை. பெய்... பெய்த... தும்..."

உழுத காட்டில் நடப்பதுபோலத் தடுக்கித் தடுக்கி வந்தது. சிஸ்டர் அவசரப்படுத்தவில்லை. ஒரு வரி முடிந்ததும் சின்னப்பராஜிடம் திரும்பினார்.

"ஜூன் மாசம் கூட்டிட்டு வாங்க."

தெரசாவுக்கு அது காதில் விழவே இல்லை. ஒரு கையால் தொடையை மூடிக்கொண்டு அம்மாவிடம் வந்தாள்.

"நெறைய எடத்துல திக்கிட்டேம்மா," என்றாள்.

லூர்து மேரி அந்தக் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"அடுத்த வரியையும் திக்கிப் படிடி. நான் கேக்கறேன்."