தொண்டையில் இருந்த பெயர்

"போனுக்கு வந்த ஆறு நம்பரையும் சொல்லுங்க" என்று சுனிதா கேட்டாள். இதை மட்டும் யாரிடமும் கேட்கக்கூடாது, அவரவரே அடித்துக்கொள்ளட்டும் என்று தக்கலையில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கும் கிருஷ்ணமணி, அவளை வேலைக்குச் சேர்த்த அன்றே சொல்லியிருந்தார். ஆனால் எதிரே நின்ற ஷிபினின் தொண்டைக்குள் அவளுடைய அப்பாவின் பெயர் இருந்தது. அதனால் கேட்டாள்.

பெயர் அங்கே போன விதம் இது. நெய்யூரில் சுனிதாவின் அம்மை நேசபாய், புருஷன் தங்கப்பன் உயிரோடு இருந்தபோதும் செத்த பிறகும் அவர் பெயரை வாயால் சொன்னதில்லை. எழுதலாம், அதில் குற்றமில்லை. ஆகவே தபால்தான் அவளுக்குத் தோது. எந்தத் தவணையானாலும் செக்கைக் கவரில் போட்டு, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, அனுப்புநர் இடத்தில் அவர் பெயரை எழுதி அனுப்பிவிடுவாள். கவர் திருப்பிக் கேள்வி கேட்காது. போன் கேட்டது. கரண்டு பில் ஆன்லைனில் ஏறவில்லை, இருட்டுவதற்குள் பியூஸைப் பிடுங்கிவிடுவோம், இணைப்பு யார் பேரில் என்று வாயைத் திறந்து சொல்லுங்கள் என்று ஒரு அதிகாரிக் குரல் மிரட்டியது. பயந்துபோய் முதல்முறையாகச் சொன்னாள். பிறகு ஆறு நம்பரையும் சொன்னாள்.

வங்கியில் இருந்தது போயிற்று. அதைத் தாங்கிக்கொண்டார்கள். ஆனால் மறுநாள் தென்னந்தோப்புக் கல்லறையில் பெயர் இருந்த இடம் வழுவழுவென்று கிடந்தது. வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் சுனிதா, அவள் சான்றிதழிலும் இனிஷியல் உதிர்ந்துவிட்டது. அவள் எத்தனை முறை சொல்லிக்கொடுத்தும் அந்தப் பெயர் அம்மையின் காதில் தங்கவில்லை. யாருக்காக அழுகிறோம் என்று தெரியாமலே நேசபாய் கல்லின் முன் நின்று அழுதாள். சுனிதா புகார் கொடுத்தாள். பணத்தை எழுதிக்கொண்டார்கள்; பெயரை எழுதக் கட்டமில்லை என்றார்கள். அன்றே அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

போனில் மிரட்டிய ஷிபின் அந்தப் பணத்தில் புது வீடு கட்டினான். அவன் பெயரை யார் கேட்டாலும் வாயிலிருந்து "தங்கப்பன்" என்றுதான் வந்தது, அதுவும் நேசபாயின் கூச்சக் குரலில். மிளகுக் கஷாயம் குடித்துப் பார்த்தான். ஊர் அதைத் தொண்டைக்கட்டு என்று எடுத்துக்கொண்டது. வீட்டுக் கரண்டு இணைப்பைத் தன் பேருக்கு மாற்ற நேற்று அவன் சென்டருக்கு வந்தபோது, சுனிதா அம்மையின் குரலைக் கேட்டாள். முகத்தில் எதையும் காட்டாமல், நாளைக்கு வாங்க என்றாள்.

சொன்னபடியே வந்து நின்ற அவனும், கேட்டவுடன் எல்லோரும் செய்வதுபோல, ஆறு நம்பரையும் உரக்க வாசித்தான். புதுப் பெயருக்கான கட்டத்தை வெறுமையாக விட்டு அவள் பட்டனைத் தட்டினாள். ஒரு புள்ளி குறைந்தாலும் திருப்பி அனுப்பும் கம்ப்யூட்டர் இதை ஏற்றுக்கொண்டது. ஷிபின் ஒருமுறை இருமினான். உடனே அம்மையின் போன் வந்தது.

"ஏட்டி, கல்லுல பேரு வந்திருக்கு."

"ஆருக்க பேரும்மா?"

"அவியளுக்க பேருதான், வேற ஆருக்க" என்றாள் நேசபாய். வாயால் சொல்லவில்லை.

ஷிபின் தன் பெயரைச் சொல்ல வாய் திறந்தான். காற்றுதான் வந்தது. "எக்கா, எனக்க பேரு?"

"தபால்ல வரும்லே. வீட்டுல இருந்து வாங்கிக்கோ."

வரிசை அதை நியாயம் என்று எடுத்துக்கொண்டது; அடுத்த ஆள் பில்லோடு முன்னால் நகர்ந்தார். அப்படி ஒருவர் இல்லை என்று எழுதித் தபால்காரர் அந்த வீட்டுக் கவர்களை இன்றுவரை திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறார்.

"அந்த நம்பரக் கேக்கப்படாதுண்ணு சொன்னனா இல்லியா?" என்றபடி கிருஷ்ணமணி எழுந்தார். சுனிதா சென்டர் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கினாள். அன்று அவள் மத்தியானத்துக்கான சோற்றுப் பாத்திரமே கொண்டுவந்திருக்கவில்லை.