மூன்றாவது தலையணை

1

இந்தக் கதை எனக்குக் கனவிலோ மழையிலோ கிடைக்கவில்லை. மருத்துவமனைக் கணினியில், தாதியர் குறிப்பில், ஒரே வரியாகக் கிடைத்தது: ‘நோயாளியின் விருப்பப்படி மூன்றாவது தலையணை கொடுக்கப்பட்டது.’ வாசித்ததும் கோபம் வந்தது. அது இன்னும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் பிரபாலினி. ஜெர்மனியில், டோர்ட்முண்ட் பக்கம் ஒரு மருத்துவமனையில் குறியீட்டாளராக இருக்கிறேன். வைத்தியர்கள் எழுதும் நோய்களைக் குறியீட்டு இலக்கங்களாக மாற்றுவது என் வேலை. நோயாளியின் முகத்தைப் பார்க்கத் தேவையில்லை. வைத்தியர் எழுதாத எதுவும் நடக்கவில்லை என்பதுதான் எங்கள் அறையின் சட்டம்.

2

முதல் தொடக்கம்: ‘கமலநாயகியின் இதயம், களைத்துப்போன ஒரு…’

வேண்டாம். இதயம் என்றதும் உவமை தேடி ஓடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்திருக்கிறேன்.

இரண்டாவது தொடக்கம்: ‘கமலநாயகிக்கு ஐம்பத்தெட்டு வயது. ஒரு முதியோர் இல்லத்தின் சலவைப் பகுதியில் வேலை. செவ்வாய்க்கிழமை கால் வீங்கி, மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். இதயச் செயலிழப்பு.’

இது இருக்கட்டும். (பெயர் நான் வைத்தது. வயதையும் மாற்றியிருக்கிறேன். தலையணைகளின் எண்ணிக்கையை மட்டும் மாற்றவில்லை.)

இதயச் செயலிழப்புக் குறியீட்டின் கடைசி இலக்கம், நோய் எந்தப் படியில் நிற்கிறது என்று சொல்லும். இரண்டு என்றால், நன்றாக உழைத்தால்தான் மூச்சு வாங்கும். நான்கு என்றால், சும்மா இருந்தாலும் வாங்கும். வைத்தியர் எழுதியிருந்தது இரண்டாம் படி. காரணமும் இருந்தது: ‘இரண்டு மாடி ஏறுகிறார். பிரச்சினை இல்லை.’ வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். இன்று வியாழன்.

தலை உயராமல் மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டுகிறவர்கள்தான் தலையணைக்கு மேல் தலையணை கேட்பார்கள். அது நான்காம் படி. ஆனால் அந்த வரி ‘விருப்பங்கள்’ என்ற கட்டத்தில் இருந்தது. ஜன்னலோரக் கட்டில், தேநீருக்குப் பால், மூன்றாவது தலையணை.

3

இங்கே என் பாத்திரத்தின் மீதே எனக்குச் சந்தேகம் வருகிறது. வீரம் மிகுந்த கதையென்றால் குறியீட்டாளர் யாரையும் கேட்காமல் இரண்டை நான்காக்கிவிட்டு நிமிர்ந்து நடப்பாள்.

அது பொய்ப் பதிவு. தவிர, நான் இலக்கத்தை மாற்றினால் அறிக்கைதான் மாறும், மருந்து மாறாது. ஆகவே அவள் செய்யக்கூடாத வேறொன்றைச் செய்தாள். [‘அவள்’ என்ன அவள்? நான்தான்.] கணினியை மூடிவிட்டு வார்டுக்குப் போனேன்.

4

“அன்ரி, நீங்கள் எத்தனை மாடி ஏறுவியள்?”

“ரெண்டு. என்ர வீடு ரெண்டாம் மாடியெல்லோ.”

“ஏற எவ்வளவு நேரம் செல்லும்?”

கமலநாயகி என்னை மேலும் கீழும் பார்த்தார். “இருபது நிமிஷம். நடுவில ரெண்டு தரம் படியில குந்தியிருப்பன். ஆரும் வந்தா போன் பாக்கிற மாதிரி இருப்பன்.”

“ஏன் அதை டொக்டரிட்டச் சொல்லேல்லை?”

“அவர் மாடியைத்தானே கேட்டவர். நேரத்தைக் கேக்கேல்லையே.”

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எழுதிப்போடாதை பிள்ளை. திங்கள் வேலைக்குப் போகோணும். முப்பது வருஷத்தில ஒருநாளும் எனக்கு ஏலாது எண்டு சொன்னதில்லை.”*

* அகதியாக வந்த என் பெற்றோர் முதலில் படித்த ஜெர்மன் ‘கைன் ப்ரொப்ளேம்’. பிரச்சினை இல்லை. வீட்டுக்காரருக்கும் முதலாளிக்கும் விசா அலுவலகத்துக்கும் அதையே சொன்னார்கள். நானும் அதைக் கேட்டு வளர்ந்தவள்தான். அந்த இரண்டு சொற்களை எனக்குக் கண்ணில் காட்டக்கூடாது.

5

கமலநாயகி சொன்னதை நான் எழுதவில்லை. பதிவில் ஏற்கெனவே இருந்ததை வைத்து வைத்தியருக்கு ஒரு கேள்வி மட்டும் அனுப்பினேன்: ‘நோயாளிக்கு மூன்று தலையணை ஏன் தேவைப்படுகிறது?’

வைத்தியர் தொலைபேசியில் வந்தார். “இப்போது தலையணைக்கும் குறியீடு வேண்டுமா உங்களுக்கு?”

“வேண்டும்,” என்றேன். “வாருங்கள். நான் மொழிபெயர்க்கிறேன்.”

6

முடிவு அ: கமலநாயகி அழுதபடி உண்மையைச் சொல்கிறார். வைத்தியர் என் கையைக் குலுக்குகிறார். [வெட்டு. என் தம்பி மதீசன்கூட நம்பமாட்டான், அவன் விளம்பரங்களையே நம்புகிறவன்.]

முடிவு ஆ: வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக்குப் போகிறார். முதலாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில்… [எழுதமாட்டேன்.]

நடந்தது இது. வைத்தியர் வந்து நின்றபடியே, திரும்பவும் மாடியைத்தான் கேட்டார். நான் வாய் திறக்கும் முன்பே கமலநாயகி ஜெர்மனில் பதில் சொன்னார். “ஸ்வை. கைன் ப்ரொப்ளேம்.” இரண்டு. பிரச்சினை இல்லை.

“அப்படியானால் இந்தத் தலையணைகள்?”

கமலநாயகிக்குக் கோபம் வந்துவிட்டது. ஒன்று, இரண்டு, மூன்று என்று உருவித் தரையில் போட்டார். “பாருங்கோ,” என்று மட்டமாகப் படுத்தார். வைத்தியர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் மனதுக்குள் எண்ணினேன். பத்துவரை சிரித்த முகம். பதினேழில் உதடு திறந்தது. இருபத்துமூன்றில் கட்டில் கம்பியைப் பற்றி எழுந்துவிட்டார். வாயால் மூச்சை இழுத்தார்.

நான் குனிந்து ஒரு தலையணையை எடுத்தேன். அவர் அதைப் பறித்துத் தன் முதுகுக்குப் பின்னால் தானே வைத்தார்.

“பிள்ளை, இவருக்குச் சொல்லு. மாடி ரெண்டு. நேரம் இருபது நிமிஷம். எனக்கு ஏலாது. அப்பிடியே எழுதச் சொல்லு!”

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். வைத்தியர் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதினார்.

7

வெள்ளிக்கிழமைப் பயணம் நின்றது. மருந்து மாறியது. அதற்குப் பிறகு? சலவைப் பகுதியில் அவர் இடம் இருந்ததா, இதயம் தேறியதா?

‘விபரம் குறிப்பிடப்படவில்லை’ என்று ஒரு குறியீடு எங்களிடம் உண்டு. அதைப் போட்டு இந்தக் கதையை மூடலாம். போடமாட்டேன்.

முடிவை நீங்கள் எழுதுங்கள். அவரை வேலைக்கு அனுப்புங்கள், அனுப்பாமல் விடுங்கள், உங்கள் விருப்பம். வீட்டுக்கு அனுப்பினால் இரண்டு மாடி ஏறவேண்டும், அதை மறக்காதீர்கள். அவர் படியில் உட்கார்ந்தால் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். மேலே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆனது என்று எழுதுங்கள்.