நீர்யானைக்குக் கிடைத்த வசனம்

1

இந்தக் கதை சாணத்திலிருந்து பிறந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. வருகிற 1977 பொங்கலுக்கு மலர் போடுகிறோம், இரண்டு பக்கம் தாருங்கள் என்று ரொறன்ரோ நண்பர்கள் கேட்டார்கள். ஆபிரிக்க விலங்குகளைப் பற்றி நாலு அதிசயத் தகவல் எழுதித் தப்பிவிடலாம் என்று நூலகத்துக்குப் போனேன். நீர்யானை தன் சாணத்தை வாலால் விசிறியடிக்குமாம். அதற்கு அங்கே ஒரு கதை உண்டு. தண்ணீரில் குடியிருக்க இடம் கேட்டபோது, "மீனைத் தொடமாட்டேன்" என்று கடவுளுக்குச் சத்தியம் செய்ததாம். சாணத்தில் மீன்முள் இல்லை, பாருங்கள் என்று இன்றுவரை விசிறிக் காட்டுகிறதாம்.

சிரித்தேன். தகவலோடு நிறுத்தியிருக்கலாம். யாராவது இதை விருந்தொன்றில் சொன்னால் நன்றாயிருக்குமே என்று ஆசை வந்துவிட்டது.

2

சம்பியாவின் செம்மண்ணில் சூரியன் மெல்ல

(வேண்டாம். நான் சம்பியாவைக் கண்டதே இல்லை.)

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் ஒரு மாடிக் குடியிருப்பு. கதவுக்கு வெளியே பனிச் சப்பாத்துகளின் குவியல். உள்ளே ஞாயிறு விருந்து. சம்பியாவில் நாலு வருடம் கணிதம் படிப்பித்துவிட்டு வந்த வீட்டுக்காரர் ரகுநாதன் கதை சொல்கிறார்.

"கழுதைப்புலியில பொம்பிளையளின்ரை ஆட்சிதான். ஆம்பிளையள் கடைசியாத்தான் சாப்பிடலாம்."

"அப்ப உங்கட வீடு மாதிரி எண்டு சொல்லுங்கோ," என்றார் அழகேசன்.

பிறகு நீர்யானையின் சத்தியம். "விசிறினதை நான் என்ரை கண்ணால கண்டனான்," என்றார் ரகுநாதன்.

* அவர் காணவில்லை. பள்ளிக்கூடமும் வீடுமாக இருந்தவர் அவர். இவையெல்லாம் அங்கே கூடப் படிப்பித்த சம்பியர் முவன்சா, ரகுநாதன் வீட்டுச் சமையலறையில் சாப்பிட்டுக்கொண்டே சொன்ன கதைகள். மனைவி லலிதாவுக்கு இது தெரியும்.

3

"எண்டாலும் தம்பி, உந்தக் கறுப்பரோட எப்பிடித்தான் சீவிச்சனீங்களோ?" என்று கேட்டார் அகிலாண்டேஸ்வரி அன்ரி.

ரகுநாதன் சிரித்தார். [இந்தச் சிரிப்பை மூன்று தடவை வெட்டினேன். திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.]

அப்போது கதவு தட்டப்பட்டது. ரகுநாதன் திறந்தார். முவன்சா! மேற்படிப்புக்கு வந்தவர், விலாசம் விசாரித்து, கேக் பெட்டியோடு வந்திருக்கிறார். சம்பியாவில் லலிதா வீட்டில் பழகிய பழக்கம், தட்டுமுன்பே சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு நின்றார்.

ரகுநாதன் வெளியே போய்க் கதவைச் சாத்தினார். இன்றைக்கு வசதிப்படாது, பிறகு ஃபோன் எடுக்கிறேன் என்று ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் சொன்னார். உள்ளே விட்டால் யாருடைய கதைகள் என்று தெரிந்துவிடும். அதைவிட, அன்ரிக்குச் சிரித்த வாயால் "வாருங்கள்" என்று சொல்லக் கூசியது.

திரும்பி வந்து, "ஆரோ வீடு மாறி வந்திட்டினம்," என்றார்.

சோற்றுக் கரண்டியோடு நின்ற லலிதா நிமிர்ந்தாள். வெளியே கேட்ட குரல் அவளுக்குத் தெரியும்.

4

இதுவரை எழுதியதை வாசித்துப் பார்த்தேன். நீர்யானை கடவுளோடு பேசுகிறது. கழுதைப்புலி ஆட்சி நடத்துகிறது. முவன்சாவுக்கு ஒரு வசனம்கூட இல்லை. ரகுநாதனை நான் என்னத்தைக் குறை சொல்வது? கதவைச் சாத்தியதே நான்தானே. இந்த ஊரில் ஓர் ஆபிரிக்கரோடும் இருந்து நான் தேநீர் குடித்ததில்லை. அவர் என்ன பேசுவார் என்று தெரியாததால்தான் அவசரமாக அனுப்பப் பார்த்தேன். வெட்கம் பிடுங்கித் தின்கிறது.

ரகுநாதன் சொன்னதைக் கேட்ட முவன்சா சொன்னார்: "

(வரவில்லை.)

5

ஒரு முடிவு: லலிதா ஓடிப்போய் அவரைக் கூட்டி வருகிறாள். "இவர்தான் உந்தக் கதையளெல்லாம் சொன்னவர்," என்கிறாள். படிக்க நன்றாக இருக்கிறது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

இன்னொன்று: "ஆருக்குச் சோறு?" என்று குரலே கேளாதவள் மாதிரிக் கேட்கிறாள் லலிதா. இது தடங்கலில்லாமல் கடகடவென்று வந்தது. அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஆகவே முடிக்கவில்லை. முவன்சா கேக் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு, குந்தியிருந்து சப்பாத்துக் கயிறு கட்டுகிறார். ஒரு கால் முடிந்துவிட்டது. உள்ளே ரகுநாதன் அடுத்த கதையைத் தொடங்கிவிட்டார். லலிதா எல்லாருடைய முகத்தையும் பார்க்கிறாள், யாராவது எழும்பினால் தானும் எழும்பலாம் என்று.

கதவுக்குப் பக்கத்துக் கதிரையில் உங்களைத்தான் இருத்தியிருக்கிறேன். குரல் உங்களுக்கும் கேட்டது. கையிலுள்ள தட்டைக் கீழே வைக்கிறீர்களா?