பொட்டு வைத்த சர்வர்

“சர்வர தொடக்கூடாதுன்னா தொடக்கூடாது. சந்தனம் வெச்சாச்சு, கற்பூரம் காட்டியாச்சு. நாளைக்கு விஜயதசமி பூஜை முடியட்டும், அப்புறம் இன்னா வேணா பண்ணிக்கோ.”

“சரி சார். தையல் மெஷினெல்லாம் நிறுத்திட்டுதான பொட்டு வெச்சாங்க? இது மட்டும் ஓடிக்கினே இருக்குதே.”

பரணிதரனுக்கு அது உறைக்கவில்லை. ஆம்பூர் ஷூ கம்பெனியொன்றின் கணினிப் பிரிவுக்குத் தலைவர் அவர். சர்வரை நிறுத்தினால் ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரன் கேட்பான், தொட்டால் சாமி கேட்கும் என்று இரண்டு பக்கமும் பயந்து, அதை ஓடவிட்டுக் கும்பிட்டிருந்தார். முதலாளி ரஃபி அகமதுகூட பொரியும் கடலையும் வாங்கித் தந்ததோடு விலகிக்கொண்டார். இவருக்குத்தான் பக்தி பொங்கி வழிந்தது.

அவருக்குக் கீழே வேலை செய்யும் நந்தினி, சர்வரின் நெற்றியிலிருந்த குங்குமத்தை வெறுப்போடு பார்த்தாள். அந்தச் சர்வருக்குள் ஒவ்வொரு வேலைக்கும் கன்டெய்னர் என்று ஒரு தனி அறை. தோலைப் பதனிட்டு அனுப்பும் டேனரிகளுக்கு ஓர் அறைக்கு மட்டும் சாவி. ஆனால் அறைகளை நிர்வகிக்கும் மென்பொருளில் ஓட்டை இருப்பதாக அதைச் செய்தவர்களே காலையில் அறிவித்துவிட்டார்கள். கோப்பின் பாதையில் சில புள்ளிகளைச் சேர்த்தால் போதும், எந்த அறையிலிருந்தும் சுவரேறி எந்த அறைக்குள்ளும் குதிக்கலாம். சரிசெய்த பதிப்பும் வந்துவிட்டது. அதை ஏற்றத் தேவையான பாஸ்வேர்டு பரணிதரனிடம் மட்டுமே இருந்தது.

அவரும் சும்மா இருக்கவில்லை. தொழிலாளர் விவரங்களை ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஒளித்து, ‘பழைய காலண்டர்’ என்று பெயரும் வைத்திருந்தார். பீரோவைத் திறந்து போட்டுவிட்டு நகையைப் புடவைக்கு அடியில் செருகும் புத்தி.

இந்த மூளைக்கு ஒரு குளிரூட்டிய அறை வேறு என்று அவளுக்குத் தோன்றியது. அந்தத் திமிரில்தான் காலையில் அவள் அப்படிச் செய்தாள். பொரி வாங்க ஆபீஸே கூடி நின்றபோது, ஒரு டேனரியின் சாவியோடு உள்ளே போய், புள்ளிகளைத் தட்டி, ‘பழைய காலண்டரை’த் திறந்து காட்டினாள். திரையில் வந்தது பரணிதரன் வேலைக்குச் சேர்ந்த நாளில் கொடுத்த படம். நெற்றியை மறைத்துக்கொண்டு சுருட்டை முடி.

“யார் சார் இந்த ஹீரோ?” என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். பரணிதரன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டு வெளியே போனார். அப்போதிலிருந்துதான் சாமி குறுக்கே வந்தது.

இப்போது அவர் சத்துவாச்சாரி வீட்டுக்குக் கிளம்ப, பொரிப் பொட்டலத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். நந்தினியின் கண் இன்னும் மூடாத திரைக்குப் போனது. ‘பழைய காலண்டரில்’ அடுத்தடுத்துத் தொழிலாளர்களின் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் ஆதார் எண், வங்கிக் கணக்கு, கைரேகை. தையல் பிரிவில் ஒடுகத்தூர் சாவித்திரி. நந்தினியின் அம்மா. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம்; அம்மாவின் கட்டைவிரலை எங்கே போய் மாற்றுவது? ஊர்க் கடையில் அதே விரலை வைத்துத்தான் அம்மா பணம் எடுக்கிறாள்.

அவர் கதவுவரை போய்விட்டார். முட்டாளிடம் கெஞ்சுவதைவிட வேலையை விட்டுவிடலாம் என்றிருந்தது அவளுக்கு. வேலையை விட்டாலும் அந்த விரல் உள்ளேதான் இருக்கும்.

“சார்,” என்றாள். குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. “காலைல எல்லார் முன்னாடியும் அப்படிப் பண்ணது தப்புதான். நான் எதையும் தொடல. நீங்களே உக்காந்து, உங்க கையாலயே அந்த பாஸ்வேர்ட போட்டுடுங்க சார்.”